போதும் என்ற உத்தரவு வரும் வரை

ஓட்டுநர் உரிம அலுவலக மைதானத்தில் ஓர் எட்டு வரைந்து வைத்திருக்கிறார்கள். அதைச் சுற்றத் தெரிந்தவரே சாலையில் நேராகப் போகத் தகுதியுடையவர் என்பது மேலிடத்தின் மேலான முடிவு. வரிசையில் முதலில் நர்ஸ் அக்கா, அடுத்து நான், எனக்குப் பின்னால் நாற்பது பேர். அக்காவுக்கு நாளை முதல் மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் போய் ஊசி போடும் வேலை. இன்றைக்கே உரிமம் கிடைக்காவிட்டால் அந்த வேலை வேறொருத்திக்கு.

"நான் போதும்னு சொல்ற வரைக்கும் கால் தரையில படக்கூடாது. பட்டா ஃபெயில்!" என்றார் ஆய்வாளர்.

அக்கா கிளம்பினார். ஆய்வாளரின் போன் அடித்தது. பொதுமக்களைக் காக்க வைப்பதை ஒழிப்பது குறித்து அவசரக் கூட்டமாம். ஜீப்பில் ஏறிப் போயே போய்விட்டார்.

முதல் வளைவிலேயே அக்கா பதறி முன் பிரேக்கைப் பிடிக்க, ஹேண்டில் மடங்கி வண்டி சாயப் பார்த்தது. நான் வரிசையிலிருந்தே கத்தினேன்.

"முன் பிரேக்கை விடுங்கக்கா! கிளட்சைப் பாதி பிடிச்சு, பின் பிரேக்கை லேசா மிதிங்க! கீழ பாக்காதீங்க, போற பக்கம் பாருங்க!"

பிடித்துக்கொண்டார் பாருங்கள், கெட்டிக்காரி! வண்டி ஆள் நடக்கிற வேகத்தில் அழகாகத் திரும்பியது. நான் குமாஸ்தாவிடம் ஓடினேன்.

"சார், நீங்களாவது ஒரு 'போதும்' சொல்லுங்களேன்."

"எனக்கு 'உட்காருங்க' சொல்றதுக்குத்தான் தம்பி அதிகாரம். 'போதும்' சொல்லணும்னா ஆய்வாளர் பதவியாவது வேணும்."

பதினொரு மணிக்கு நான் கூடவே நடந்து அக்காவுக்கு டீ புகட்டினேன். மதியம் பிஸ்கட். முந்நூறாவது சுற்றில் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்குத்தான் தலை கிறுகிறுத்தது. அக்கா ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

நாலே முக்காலுக்கு ஆய்வாளர் வந்தார். எட்டின் ஒரு வளையத்துக்குள் நின்று வாட்சைப் பார்த்தார்.

"அடடே, இன்னும் சுத்துறீங்களா? போதும், போதும். இன்னிக்கு நேரம் முடிஞ்சுபோச்சு. நாளைக்கு வாங்க."

அக்கா எட்டை விட்டார். ஆய்வாளரை மட்டும் சுற்ற ஆரம்பித்தார். டயருக்கும் பூட்ஸுக்கும் ஒரு சாண்தான் இடைவெளி.

"அதான் போதும்னு சொல்லிட்டேனேம்மா!"

"போதும்னு சொன்னா காலை வைக்கலாம்னுதான் சார் சொன்னீங்க. வச்சே ஆகணும்னு சொல்லலையே? கையெழுத்தைப் போடுங்க."

குமாஸ்தா அலாதி சந்தோஷத்தோடு பேனாவை நீட்டினார். பதினோராவது சுற்றில் கையெழுத்து விழுந்தது. மைதானமே விசிலடித்தது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அக்கா பெருமூச்சு விட்டுக் காலை இறக்கப் போனார். நாற்பத்தொரு பேரும் விண்ணப்பத்தைத் தூக்கிக்கொண்டு ஆய்வாளரை நோக்கிப் பாய்ந்தோம். முதலில் கத்தியவன் நான்தான்.

"அக்கா, காலைக் கீழ வச்சிடாதீங்க! நாங்க போதும்னு சொல்ற வரைக்கும் சுத்துங்க!"