நிஸ்வாவில் அவிழ்ந்த வேட்டி

பெண்களின் உடுப்பைப் பற்றி ஓயாமல் கதைக்கிற ஆண்கள் தங்கள் உடுப்பை ஒருதரமும் குனிந்து பார்ப்பதில்லை. இதை நான் எங்கேயும் படித்துவிட்டுச் சொல்லவில்லை. அப்படிப்பட்ட ஒரு மடையனை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் காலையில் அவனுக்குத்தான் நான் சவரம் செய்கிறேன்.

நான்கு வருடங்களுக்கு முன் நடந்த கதை. என் தங்கை சுபா ஓமானில், நிஸ்வா என்கிற ஊரில், பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்குப் படிப்பிக்கிறாள். தனி ஆள். அந்த வருடம் அவளுடைய ஒப்பந்தம் முடிகிற நேரம். பள்ளிக்கூட முதலாளி சயீத் கையெழுத்து வைக்காவிட்டால் வேலையும் இல்லை, விசாவும் இல்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளிக்கிட வேண்டியதுதான். அந்த நேரம் பார்த்து நாங்கள் ஓக்லாந்திலிருந்து அவளைப் பார்க்கப் போகிறோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. குடும்பத்தோடு மதியச் சாப்பாட்டுக்கு வரச்சொல்லி அழைத்துவிட்டார்.

சுபா போனில் கெஞ்சினாள்.

"அண்ணா, இது கட்டுப்பாடான ஊர். உடுப்பு விசயத்தில கவனமா வாங்கோ. என்ர வேலை அந்தாளின்ர கையிலதான் கிடக்கு."

"நீ யோசியாத. நான் பாத்துக்கொள்ளுறன்" என்றேன்.

(பார்த்தேன். மனிசியையும் மகளையும் மட்டும்!)

ஓக்லாந்தில், விரி என்கிற இடத்தில், ஒரு கிடங்கில் எனக்கு மேற்பார்வையாளர் வேலை. பாதுகாப்புச் சப்பாத்து இல்லாமல் வருகிறவனை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறவன் நான். அந்தத் திமிரை அப்படியே வீட்டுக்கும் கொண்டுவந்தேன். ஏவன்டேல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தேடித்தேடி, முழுக்கை வைத்த, கணுக்கால்வரை தொங்குகிற அங்கிகள் வாங்கினேன். கழுத்தைச் சுற்ற நீளச் சால்வைகள் வேறு. வீட்டு வரவேற்பறையில் இரண்டு பேரையும் அவற்றைப் போடவைத்து நடக்கவிட்டேன். "குனி! கையைத் தூக்கு! மணிக்கட்டுத் தெரியுது, இழுத்துவிடு!"

பதினைந்து வயது ஆரணிக்குக் கண்ணீர் வராத குறை. "அப்பா, திஸ் இஸ் எ கர்ட்டன்!"

"கர்ட்டன் எண்டாலும் போடு. சுபா மாமியின்ர வேலை இதிலதான் கிடக்கு."

என் மனைவி மஞ்சு இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். "அப்ப நீங்கள் என்ன போடப் போறியள்?"

"நான் ஆம்பிளை, எனக்கென்ன? வேட்டி கட்டுவன். எங்கட மரியாதையான உடுப்பு. கால் முழுக்க மூடும்."

"சுபாவிட்ட ஒரு சொல்லுக் கேட்டீங்களோ?"

"வேட்டிக்கும் ஆரிட்டயும் கேக்கவேணுமோ?" என்று கத்தினேன்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். எங்கட மரியாதையான உடுப்பு என்று கத்திய எனக்கு வேட்டி கட்டத் தெரியாது. கோயில் திருவிழாவுக்கு நான் கட்டுவதெல்லாம் ஒட்டுகிற வேட்டி. இடுப்பைச் சுற்றி ஒட்டினால் காரியம் முடிந்தது.

விருந்து வெள்ளிக்கிழமை. சுபா உதவிக்கென்று காலையிலேயே அங்கே போய்விட்டாள். எங்களைக் கூட்டிப்போகப் பள்ளிக்கூட வேன் வந்தது. சாரதி ஒரு மலையாளி. என்னைப் பார்த்தார். பிறகு என் வேட்டியைப் பார்த்தார்.

"சாரே... பேண்ட் இல்லே?"

"ஏன், உங்கட ஊரில வேட்டி கட்டிறேல்லையோ?"

"நாட்டில் கட்டும் சாரே. பக்ஷே இவிடெ..." ஆனால் இங்கே, என்று இழுத்தார்.

"நீர் ரோட்டைப் பாத்து ஓட்டும்" என்று அந்த நல்ல மனிதரின் வாயை அடைத்தேன். மஞ்சு பெருமூச்சு விட்டது பின்சீட்டிலிருந்து கேட்டது.

பேரீச்சந் தோட்டங்களுக்கு நடுவே ஒழுங்கை ஒடுங்கிவிட்டதால் கடைசி ஐந்து நிமிடம் நடை. வெயில் மண்டையைப் பிளந்தது. வேட்டி கால்களில் ஒட்டியது. என் கை தானாகக் கீழே போய், வேட்டியைத் தூக்கி முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டியது. அப்படியே வீறுநடை போட்டேன். பின்னால் மனைவியும் மகளும் நகமும் தெரியாமல் மூடிக்கொண்டு வியர்வையில் குளித்தபடி வந்தார்கள்.

வளைவில் திரும்பினால் வீட்டு வாசல். சயீத், அவருடைய வயதான தகப்பன், இரண்டு தம்பிமார், எல்லோரும் கணுக்கால்வரை தூய வெள்ளை அங்கியில் வரிசையாக நின்றார்கள். மஞ்சுவையும் ஆரணியையும் கூட்டிப்போக வீட்டுப் பெண்கள் கதவடியில் நின்றார்கள்.

பெரியவர்கள் முன்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கலாமா? ஐயோ, மரியாதைக் கேடு! அந்தக் கிழவரை நேராகப் பார்த்து, பணிவாகச் சிரித்து, இரண்டு கையாலும் மடிப்பை உதறி இறக்கினேன்.

சர்ர்ர்ரக்!

ஒட்டியிருந்தது கழன்றது. வேட்டி இறங்கியது. மடிப்பு மட்டும் இறங்கவில்லை, மொத்தமாகவே இறங்கியது. உள்ளே போட்டிருந்த ரக்பிக் காற்சட்டை ஒரு கணம் நிஸ்வாவின் வெயிலைக் கண்டது. பாதித் தொடைக்கு வந்ததை எட்டிப் பிடித்துவிட்டேன். கதவடிப் பெண்கள் ஒரே நொடியில் மறைந்தார்கள். கிழவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சயீத் பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் கைகுலுக்கக் கையை நீட்டினார். என்னால் கை கொடுக்க முடியவில்லை. இரண்டு கையிலும் வேட்டி!

நீட்டிய கை நீட்டியபடி நின்றது. சத்தம் கேட்டு ஓடிவந்த சுபாவின் முகத்தைப் பார்த்தேன். இரத்தம் சுண்டிப் போயிருந்தது.

"அண்ணா! என்ன கோலம் இது?"

ஆரணிதான் முன்னால் வந்தாள். நான் கட்டாயப்படுத்திப் போடவைத்த சால்வையைக் கழுத்திலிருந்து உருவி என் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்துவிட்டாள். "டோன்ட் மூவ், அப்பா."

சயீத் என் தோளைப் பிடித்து ஒரு அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். என் வயதுதான் இருக்கும். அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன். சுபாவின் கதை இன்றோடு முடிந்தது என்றும் நினைத்தேன். அவர் தன் அங்கியின் கீழ்விளிம்பை நான்கு விரல் உயர்த்திக் காட்டினார். உள்ளே வெள்ளைத் துணி ஒன்று. அசல் வேட்டி!

"இதை நாங்கள் விஸார் என்போம். அங்கிக்குள்ளே கட்டுவது. நீங்கள் ஒன்றும் பிழையாக உடுக்கவில்லை" என்றார் ஆங்கிலத்தில். "ஒரு உடுப்புக் குறைகிறது, அவ்வளவுதான்."

அப்போதுதான் விளங்கியது. அவர்கள் கண்ணில், நான் உள்ளாடையோடு முழங்கால் தெரிய நடந்துவந்து, வீட்டுப் பெரியவர் முன்னால் அதையும் அவிழ்த்தவன்!

ஒரு அங்கி எடுத்துத் தந்தார். "முதலில் விஸாரைக் கட்டுங்கள்" என்றார். நான் வேட்டியைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தேன்.

"எனக்குக் கட்டத் தெரியாது. ஒட்டத்தான் தெரியும்."

அந்த மனிதர் சுவரில் சாய்ந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாழ்ப்பாணத்தானாகிய எனக்கு வேட்டியைக் கட்டியும் விட்டார். இன்றுவரை என் இடுப்பில் அத்தனை உறுதியாக ஒரு துணி நின்றதில்லை.

அங்கி வயிற்றில் இறுகி, காலில் தடக்கியது. வெளியே வந்த என்னைப் பார்த்துக் கிழவர் ஏதோ சொன்னார், தம்பிமார் சிரித்து உருண்டார்கள். சுபா மட்டும் சிரிக்கவில்லை. சாப்பாடு முடியும்வரை, உள்ளே பெண்களோடு இருந்தபடி வாசற் திரைக்குள்ளால் சயீத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். கோப்பி குடித்து நாங்கள் எழும்பியபோது சயீத் அவளைக் கூப்பிட்டார்.

"டீச்சர், ஞாயிற்றுக்கிழமை வந்து கையெழுத்துப் போடுங்கள்." பிறகு என்னைப் பார்த்தார். "அண்ணன் வரத் தேவையில்லை."

வேனில் சுபா அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே என் முதுகில் குத்தினாள். ஆரணி என்ன உடுக்கவேண்டும் என்று அன்றைக்குப் பிறகு நான் சொன்னதே இல்லை. சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? வேலைக்கு ஜாக்கெட்டை மறந்துவிட்டு வெளிக்கிட்டாலும் மாடியிலிருந்து அவள் குரல் வரும்: "அப்பா, ஒரு உடுப்புக் குறையுது!"

சுபா இன்னும் அங்கேதான் படிப்பிக்கிறாள். ஒவ்வொரு வருடமும் ஒப்பந்தம் போட முதல் சயீத் ஒரே ஒரு கேள்வி கேட்பாராம்: "அண்ணன் வருகிறாரா?" 'இல்லை' என்று அவள் சொன்னால் ஒரு வருடத்துக்கு எழுதுவாராம். போன மாதம் அவள் போன் எடுத்தாள்.

"நீங்கள் வாறியள் எண்டு சொல்லிப் பாத்தன் அண்ணா. மூண்டு வருசத்துக்குப் போட்டுத் தந்திட்டார்."

"ஏனாம்?"

"அவற்ர வீட்டில எல்லாரும் நீங்கள் எப்ப வருவியள் எண்டு பாத்துக்கொண்டு இருக்கினமாம்."