மேருவில் டாக்டரை விசாரித்த விவரம்

அன்புள்ள மச்சான் திருச்செல்வத்துக்கு, பிரிக்பீல்ட்ஸிலிருந்து சபாபதி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. செமினியில் வீட்டார் அனைவரும் சௌக்கியமாக இருக்க முருகனை வேண்டுகிறேன். இங்கும் சௌக்கியம் என்று எழுத முடியவில்லை. வாட்சாப்பில் சொன்னால் குடும்பக் குரூப்பில் போய் விழும், என் விரல் அப்படி, அதனால்தான் கடிதம்.

என் இரத்தத்தில் வெள்ளை அணு எக்கச்சக்கம் என்று கிளினிக்கில் சொல்லி, பெரிய ஆஸ்பத்திரியில் இரத்தத்துக்கும் புற்றுநோய்க்குமான ஸ்பெஷலிஸ்ட் டாக்டர் அமுதவள்ளியிடம் அனுப்பினார்கள். அவர் மறுபடி இரத்தம் எடுத்து, ரிப்போர்ட்டுக்கு அடுத்த வாரம் வரச் சொன்னார். நான் சும்மா இருப்பேனா? மாப்பிள்ளை பார்த்தாலே மூணு தலைமுறை விசாரிக்கிற குடும்பம் நம்மது, உயிரையே ஒப்படைக்கிற ஆளை விசாரிக்க வேணாமா? இந்தியாவில் டாக்டர் படிப்பு, இங்கே அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை, அப்புறம் இங்கிலாந்தில் இரத்தத்துக்குன்னே தனிப் படிப்பு; வெப்சைட்டில் பார்த்து மனப்பாடம் பண்ணிட்டேன். படிப்பு சரி, குணம்? அப்பா மேருங்கிற ஊர்ல லோரி ஓட்டினவர்னு நர்ஸ் சொன்னதும் பஸ் ஏறி மேருவுக்கே போயிட்டேன். மளிகைக் கடை ஆன்டிகிட்ட, பொண்ணு எப்படி, கோபம் வருமான்னு கேட்டா, என்னை மேலும் கீழும் பார்த்து, "அந்தப் பொண்ணுக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு லா, அங்கிள்"னாங்க. நான் விளக்குறதுக்குள்ள போனைப் போட்டு டாக்டரோட அம்மாவையே வரவழைச்சிட்டாங்க. அந்தம்மா வீட்டுக்குக் கூட்டிப் போய் தேத்தண்ணியும் வடையும் வச்சு, யாருக்காக வந்தீங்கன்னு கேட்டாங்க. எனக்குத்தான் உடம்பு சரியில்லைன்னேன். அவங்க சிரிக்கலை. வேலைக்குச் சேர்ந்த புதுசுல இரத்தப் புற்றுநோயில ஒரு நோயாளி இறந்துபோக, மகள் வீட்டுக்கு வந்து சோறு திங்காம, இந்த வேலையே வேணாம்மான்னு அழுததையும், அப்புறம் அந்த நோயையே படிக்கணும்னு கிளம்பிப் போனதையும் சொன்னாங்க. வெப்சைட்டில் அது இல்லை மச்சான். கடிச்ச வடையைத் தட்டிலேயே வச்சிட்டேன்.

ரிப்போர்ட் நாள் வந்தது. "அம்மா சொன்னாங்க அங்கிள்"னு டாக்டர் சிரிச்சாங்க. மானம் போச்சு. இருந்தாலும் மிச்சக் கேள்வியையும் கேட்டேன், எல்லாத்துக்கும் பொறுமையா பதில் சொன்னாங்க. அப்புறம் மெதுவா, "என்னைப் பத்தி எல்லாம் கேட்டுட்டீங்க. ரிப்போர்ட்டைப் பத்தி மட்டும் ஒண்ணுமே கேக்கலையே?"ன்னாங்க. அவசர வேலை இருக்குன்னு எழுந்து வந்துட்டேன். பயம்தான் மச்சான், வேற ஒண்ணுமில்லை.

ஆகவே இந்த டாக்டர் நமக்குச் சரிப்பட்டு வரமாட்டார். ஷா ஆலத்தில் வேறொருவர் இருக்கிறாராம். அவருடைய பூர்வீகத்தை நீங்கள் விசாரித்துச் சொல்லுங்கள். மெதுவாகவே விசாரிக்கலாம். உங்கள் அக்கா சீதாலெட்சுமியிடம் மட்டும் மூச்சு விடாதீர்கள்.

பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
சபாபதி

பி.கு.: ஷா ஆலம் வேண்டாம். ஸ்டாம்ப் எங்கேன்னு கேட்கப் போய் உங்க அக்காகிட்ட மாட்டிக்கிட்டேன். டாக்டர் படிச்ச இடம், அவங்க அம்மா, வடை வரைக்கும் எல்லாத்தையும் சொன்னேன். கேட்டு முடிச்சிட்டு, "அது சரி, உங்களுக்கு என்னவாம்?"னா. எனக்குத் தெரியலை. வர்ற வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் அதே டாக்டர்கிட்ட போய்க் கேக்கப் போறோம். நீங்களும் வந்துடுங்க மச்சான். நான் பாதியில எழுந்தா பிடிச்சு உட்கார வைக்க உங்க அக்கா ஒருத்தி போதாது.