கோபத்தில் இறங்கிய நிலையம்

கோபம் வந்தால் சிலர் பாத்திரத்தைப் போட்டு உடைப்பார்கள். சிலர் சாப்பிட மாட்டார்கள். நான் பஸ்ஸை விட்டு இறங்கிவிடுவேன்.

கொழும்பில், வெள்ளவத்தையில் ஏறி, கொள்ளுப்பிட்டியில் இருந்த எங்கள் அலுவலகங்களுக்கு நானும் கணவரும் ஒன்றாகப் போய்வந்த காலத்தில், காலி வீதியில் நான் கோபித்துக்கொண்டு இறங்காத தரிப்பிடமே இல்லை. (பம்பலப்பிட்டியில்தான் அதிகம். அந்த இடம் வரும்போதுதான் அவர் தன் தாயாரின் மீன்குழம்பை நினைத்துக்கொள்வார்.) நான் இறங்கினால், அவர் அடித்துப் பிடித்து அடுத்த தரிப்பில் இறங்கி, வியர்த்து வழிந்தபடி திரும்பி நடந்து வருவார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பேன். அவர் மன்னிப்புக் கேட்பார். பிறகு இருவரும் அடுத்த பஸ்ஸில் ஏறுவோம். இந்த ஏற்பாடு ஒருநாளும் பிசகியதில்லை. ஆகவே உலகம் முழுவதும் இது செல்லுபடியாகும் என்று நம்பியிருந்தேன்.

அக்காவின் மகனுக்குப் பாரிஸில் கலியாணம். தாலி கட்டுவதற்கு முன் மணப்பெண் உடுத்திக்கொண்டு வரவேண்டிய கூறைச்சேலை மாப்பிள்ளை வீட்டுப் பொறுப்பு. வெள்ளவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கி, விற்பனைப் பெண்களை அழவைத்து, அதை எடுத்தது நான். நானும் கணவரும் பாரிஸில் போய் இறங்கியதும் அக்கா அதைக் கேட்டாள். நான் கொடுக்கவில்லை.

"கலியாணத்தண்டு நானே கொண்டுவந்து தட்டில வைப்பன்" என்றேன்.

"அப்ப கார் அனுப்பிறன்."

"தேவையில்லை. இவருக்கு இஞ்சத்த மெட்ரோ எல்லாம் தண்ணிபட்ட பாடு."

(இவர் அதுவரை மெட்ரோவில் போனது இரண்டே தடவை. அதில் ஒரு தடவை எதிர்த்திசையில்.)

கலியாண நாள் காலை. நான் பட்டுச்சேலைக்கு மேல் யாரோ கொடுத்த தடித்த கோட்டை மாட்டி, கூறைச்சேலைப் பையை நெஞ்சோடு அணைத்தபடி மெட்ரோப் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தேன். பெட்டி நிறையச் சனம், ஆனால் ஒரு சத்தம் இல்லை. செத்த வீட்டில்கூட இதைவிடக் கூடுதலாகக் கதைப்பார்கள். நான் வழக்கம்போல, கழுத்தில் போட்டிருந்த சங்கிலியைப் பற்றியும் இவருடைய தங்கச்சியைப் பற்றியும் சொல்லிக்கொண்டு வந்தேன். இவர் உதட்டில் விரலை வைத்தார்.

"மெல்லமாக் கதையும். ஆக்கள் பார்க்கினம்."

பார்த்தால் பார்க்கட்டுமே! நான் என்ன களவெடுத்தேனா? பிறந்த நாளிலிருந்து இதே குரலில்தான் கதைக்கிறேன். கலியாணம் பேசி வந்தபோதும் இதே குரல்தான். அப்போது இனித்தது, பாரிஸுக்கு வந்ததும் கசக்கிறதா? எனக்குத் தலைக்குள் ஏதோ சுர்ரென்று ஏறியது. பெட்டி ஒரு நிலையத்தில் நின்றது. நான் எழுந்தேன். இறங்கினேன்.

முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன். பின்னால் ஒரு மணி கிணுகிணுத்தது. கதவு மூடியது. திரும்பிப் பார்த்தபோது இவர் கண்ணாடியில் உள்ளங்கையை ஒட்டிவைத்தபடி, வாயை அகலத் திறந்து, மெதுவாக நகர்ந்து போய்க்கொண்டிருந்தார்.

முதலில் கோபம் வந்தது அந்த ரயிலின் மேல்தான். எங்கள் வெள்ளவத்தை ஸ்டேஷனில் ரயில் புறப்பட்ட பிறகும் ஓடி ஏறலாம், இறங்கலாம், மனம் மாறலாம். இங்கே ஒரு மனுசி கோபித்துக்கொள்ளக்கூட அவகாசம் தராத கதவு! அடுத்து இவர்மேல். 'ரெண்டு பேரும் ஒண்டாத்தானே திரியிறம்' என்று என் கைத்தொலைபேசிக்கு சிம் வாங்கித் தராதது இவர்தான். (அந்த யோசனை என்னுடையது. ஆனால் அதைத் தடுக்காதது அவர்.) அதற்குப் பிறகுதான் கையிலிருந்த பை கனத்தது. ஐயர் கூறையைக் கேட்கும்போது அக்கா என் முகத்தைத் தேடுவாள். மண்டபத்தின் பெயர்கூட எனக்குத் தெரியாது; எல்லாரும் அதை 'ஹோல்' என்றுதான் சொன்னார்கள்.

எவ்வளவு நேரம் நின்றேனோ. எதிர்ப் பக்கத் தண்டவாளத்தில் ஒரு ரயில் வந்து போனது. அது போனதும், அந்தப் பக்க மேடையில் இவர் நின்றார். எங்களுக்கு நடுவே இரண்டு தண்டவாளம்.

"நில்லும்! நான் வாறன்!" என்று அவர் கத்தினார்.

"நில்லுங்கோ! நான் வாறன்!" என்று நானும் அதே கணத்தில் கத்தினேன்.

அவரவர் சொன்னது மட்டும் அவரவருக்குக் கேட்டது. படியேறினேன், ஏதோ குகைபோன்ற வழியால் ஓடினேன், படியிறங்கினேன். (போகிற வழியும் வருகிற வழியும் வேறுவேறு போலும், நடுவில் அவரைக் காணவில்லை.) அவர் நின்ற இடத்தில் நான் நின்றேன். நான் நின்ற இடத்தில் அவர்.

"நில்லும் எண்டெல்லே சொன்னனான்!"

"நான் சொன்னது காதில விழேல்லையோ?"

மறுபடியும் படி, குகை, படி. மறுபடியும் அவர் அங்கே, நான் இங்கே. கோட்டுக்குள் பட்டுச்சேலை வியர்வையில் ஒட்டிக்கொண்டது. என் வாழ்நாளில் சேர்த்துவைத்த கோபம் எல்லாம் அந்தச் சுரங்கத்துக்குள் வெடித்தது.

"எல்லாம் இந்தப் பொம்பிளை வீட்டாராலதான்! ஊருக்குள்ள ஒரு ஹோல் கிடைக்கேல்லையே இவைக்கு? பூமிக்குள்ளால தவண்டு போற இடத்திலயோ கலியாணம் வைக்கிறது? சல்லி மிச்சம் பிடிக்கிற சனங்கள்!"

வளைந்த கூரை அதைத் திருப்பி ஒரு தடவை சொன்னது. மேடையில் நின்ற வெள்ளைக்காரர் எல்லாரும் திரும்பினார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற, நீளக் கோட்டுப் போட்ட ஒரு அம்மாவும் திரும்பினார். கோட்டுக்குக் கீழே பட்டுச்சேலைக் கரை தெரிந்தது. அவர் எதிர்ப் பக்கத்தைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்:

"அண்ணை, நீங்கள் வாங்கோ. அக்கா இஞ்சயே நிப்பா."

என் மணிக்கட்டை அவர் பிடித்துக்கொண்டார். இவர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். எனக்குத் தமிழைக் கேட்ட சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

"நீங்களும் ஏதும் கலியாணத்துக்கோ?" என்று கேட்டேன்.

அவர் என் கையிலிருந்த, வெள்ளவத்தைக் கடைப் பெயர் போட்ட கூறைப் பையைப் பார்த்தார். "ஓம். உங்கட கலியாணத்துக்குத்தான். நான் பொம்பிளையின்ர பெரியம்மா." என் மணிக்கட்டை அவர் விடவில்லை. "அந்த ஹோல் பிடிச்சது நான்தான்."

அதன்பின் ரயிலில் நான் மெல்லமாகக்கூடக் கதைக்கவில்லை. இவர் என் பக்கம் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு வந்தார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிந்தது. அந்த அம்மா இருந்ததால் கிள்ளக்கூட முடியவில்லை.

மண்டப வாசலில் அக்கா அழுகிற நிலையில் நின்றாள். உள்ளே ஐயர் கூறையைக் கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா வாயைத் திறக்குமுன் பெரியம்மா முந்திக்கொண்டார்: "மெட்ரோ கொஞ்சம் பிந்திப்போச்சு. இவையில ஒரு பிழையும் இல்லை." நான் பையைப் பிரித்துக் கூறையைத் தட்டில் வைத்தேன். மணப்பெண் அதை உடுத்திக்கொண்டு வந்தபோது நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அந்த மனுசி என்னைத் திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். காப்பாற்றிவிட்டாரே, என்ன செய்வது? கோபத்தை வைக்க இடமில்லாமல் வடையைத் தின்றேன்.

பெரியம்மா கடைசிவரை யாரிடமும் மூச்சுவிடவில்லை. சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து நின்று, இரண்டு மேடைகளுக்கும் பதிலாக மேசையடியிலிருந்த இரண்டு கதிரைகளை வைத்து, என் குரலிலேயே எல்லாவற்றையும் நடித்துக் காட்டியது என் கணவர்.

போன வருடம் எங்கள் மகளுக்குக் கொழும்பில் கலியாணம். வெள்ளவத்தையில் ஒரு மண்டபமும் கிடைக்காமல் கடைசியில் நகரத்தின் மறுகோடியில், கொட்டாஞ்சேனையில் பிடித்தோம். பெரியம்மாவும் பாரிஸிலிருந்து வந்திருந்தார். ஒருகொடவத்தைப் பக்கமிருந்து வந்த கொள்கலன் லொறிகளுக்குள் அவருடைய வாகனம் மாட்டுப்பட்டு, தாலி கட்டி முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தார். வியர்த்து வழிந்தபடி நேரே என்னிடம் வந்தார். சபை முழுக்கக் கேட்கிற குரலில் கேட்டார்:

"ஏன் அக்கா, ஊருக்குள்ள ஒரு ஹோல் கிடைக்கேல்லையே?"

மண்டபமே சிரித்தது. மகள் மணவறையில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். இவர் சிரித்த சிரிப்பில் தலைப்பாகை கழன்று விழுந்தது. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது. ஆனால் அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும்போது இவருடைய காரில் நான் ஏறவில்லை.