பலாப்பழத்துக்குப் பிடித்த சனி

1976இல் மலேசியாவில், கமுந்திங் பக்கம் ஒரு கார் குறி சொன்னது. சிரிக்காதீர்கள். ஈப்போவிலிருந்து பஸ் பிடித்து, படித்தவர்களெல்லாம் வந்து வரிசையில் நின்றார்கள்!

ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுவிட்டுத் துரை சீமைக்குப் போனபோது, அவருடைய கார், அதை ஓட்டிய டிரைவர் சன்னாசிக்கே வந்து சேர்ந்தது. சன்னாசிக்கு வேலை போனது. உடனே அருள் வந்தது. பக்தர் முன்சீட்டில் உட்கார வேண்டும். சாமி சாவியைத் திருப்புவார். ஸ்டீயரிங்குக்குப் பின்னால், சந்தனம் அப்பிய இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் தோஷம். அது எரியாத ஆளே கிடையாது. ஊரில் ஒருத்தர்கூடவா நல்ல நேரத்தில் பிறக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை. காணிக்கை வைத்தால் சாமி ‘அருள் பட்டை’யை இழுத்து நெஞ்சுக்குக் குறுக்கே மாட்டுவார். விளக்கு அணையும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

நவமணிக்குக் கல்யாணத்துக்கு நாலு நாள் இருந்தது. கார் என்ன சொல்கிறது என்று பார்த்தே ஆகவேண்டும் என்றார் வருங்கால மாமியார் வீரம்மா. நவமணி உட்கார்ந்தாள். விளக்கு எரிந்தது.

“மாங்கல்ய தோஷம்! கழுத்துச் சங்கிலிய வச்சாதான் பட்டை,” என்றார் சன்னாசி.

“தோஷம் போகலன்னா கல்யாணம் இல்ல,” என்றார் வீரம்மா.

நவமணியின் அம்மா நல்லம்மாள் அழுதார். “கழட்டிக் குடுத்துரு தாயி!”

நவமணி ரேடியோ ஃபேக்டரியில் வயர் பற்றவைக்கிறவள். அவள் கீழே இறங்கி, காணிக்கையாக வந்திருந்த பெரிய பலாப்பழத்தைக் காட்டினாள்.

“சாமி, இதுக்கும் ஒரு தடவ பாருங்க லா.”

சன்னாசி தடுப்பதற்குள் இரண்டு பேர் அதைத் தூக்கி சீட்டில் வைத்துவிட்டார்கள். நவமணியே சாவியைத் திருப்பினாள். சிவப்பு!

“மரத்துலயே எவனோ செய்வினை வச்சிருக்கான்!” என்று சன்னாசி அலறினார்.

“அப்ப கழிச்சிருவோம்.” பட்டையை இழுத்துப் பழத்துக்கு மாட்டினாள். விளக்கு அணைந்தது. பழத்திடம் சங்கிலி எதுவும் இல்லை என்பதைக் கூட்டம் அப்போதுதான் கவனித்தது.

சீட்டுக்கு அடியில் போகும் வயரை அவள் இழுத்துக் காட்டினாள். “சீட்டுல பாரம் ஏறுனா இது அந்த விளக்குக்குச் சொல்லுது. பட்டைய மாட்டுனா அங்கேருந்து இன்னொரு வயரு போதும்னு சொல்லுது. அவ்வளவுதான் லா.” சந்தனத்தைச் சுரண்டினாள். ‘பெல்ட் மாட்டவும்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

“அத்தே, இப்பச் சொல்லுங்க. கல்யாணம் எனக்கா, பழத்துக்கா?”

வீரம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. “உனக்குத்தான்டி! வா, சேலை எடுக்கப் போலாம்.”

சன்னாசி காரைக் கிளப்பிக்கொண்டு ஓடினார். பக்கத்து சீட்டில் பட்டை மாட்டிய பலாப்பழம் போனது. அதையும் இரண்டு பேர் கும்பிட்டார்கள்.

ஐயா, அம்மா! யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா, பட்டை மாட்டியிருக்கிறார்களா என்று விசாரித்த பிறகே ஒரு கார் விளக்கை ஏற்றுகிறது. மனிதராகப் பிறந்த நீங்கள், கழுத்துச் சங்கிலியைக் கழற்றுமுன் ஒரே ஒரு கேள்வி கேட்டால் குறைந்தா போய்விடுவீர்கள்?