ஸ்வெட்டர் எரிச்சல்

இனி இந்த வீட்டில் கிறிஸ்துதாஸ் என்ற பெயரே ஒலிக்கக் கூடாது! எழுபத்தெட்டாம் வருஷம், தீபாவளி முடிந்த மறுவாரம் இப்படி ஒரு வீர முடிவெடுத்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. என் மனைவி குஞ்சம்மாள் சமையலறையில் இருந்தாள்.

கிறிஸ்துதாஸ், டில்லி லோதி ரோடு குவார்ட்டர்ஸில் எங்கள் மாடி வீட்டுக்காரர். நாகர்கோவில்காரர். ஏதோ சர்க்கார் ஆராய்ச்சிக்கூடத்தில் ரசாயனங்களைக் கலக்குகிறார். நான் அமைச்சகத்தில் பைல்களைக் கலக்குகிறேன். அவர் குஞ்சம்மாளைத் 'தங்கச்சி' என்பார். அவள் 'அண்ணன்' என்பாள். அண்ணனைப் பார்த்து எவனாவது பொறாமைப்படுவானா? நான் படுவேன்.

குளிர் தொடங்கிவிட்டதே என்று அந்தச் செவ்வாய்க்கிழமை இரும்புப் பெட்டியைத் திறந்தேன். பாச்சை உருண்டை நெடி பஸ் ஸ்டாப் வரை போயிற்று. ஸ்வெட்டரில் கை வைத்தேன்.

"தொடாதீங்க!" என்று குஞ்சம்மாள் ஓடி வந்தாள்.

"ஏண்டி?"

"பாச்சை உருண்டை கரைஞ்சு துணியில ஏறிடுமாம். துணியில இருந்து தோல் வழியா உள்ள போயி ரத்தத்தையே கெடுத்துடுமாம். அலசி, நாலு நாள் வெயில்ல போட்டுத்தான் உடுத்தணுமாம்."

"யாரு சொன்னது?" தெரிந்தேதான் கேட்டேன்.

"கிறிஸ்துதாஸ் அண்ணன்."

"தோல் என்ன சல்லடையா? மழையில நனைஞ்சா தண்ணி உள்ள போயிடுதா?"

"அதுக்கும் அண்ணன் பதில் சொன்னாரு."

"என்னன்னு?"

"இப்படிக் கேக்குறவங்களுக்குச் சொன்னாப் புரியாதுன்னு."

எனக்கு ரத்தம் அப்போதே கெட்டுவிட்டது.

"திங்கக்கிழமை பாருடி! பெட்டியில இருந்து எடுத்து நேரா மாட்டிக்கிட்டு ஆபீஸ் போறேன். சாயங்காலம் உன் அண்ணன் முன்னால குத்துக்கல்லாட்டம் வந்து நிக்கிறேன்!"

அன்றே மாட்டியிருக்கலாம். துணிச்சல் வர ஆறு நாள் தேவைப்பட்டது.

திங்கட்கிழமை அரைக்கைச் சட்டைக்கு மேல் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பதினோரு மணிக்குக் கழுத்தில் ஆரம்பித்தது. மத்தியானம் கையில் இறங்கியது. மூன்று மணிக்கு மிளகாய் அரைத்துப் பூசியதுபோல உடம்பெல்லாம் எரிந்தது. "என்ன சார், பரதநாட்டியமா?" என்றார் பக்கத்து மேசை மாசிலாமணி. பல்லைக் கடித்துக்கொண்டேன். கழற்றினால் கிறிஸ்துதாஸ் ஜெயித்துவிடுவாரே!

வீட்டுக்குள் நுழைந்ததும் குஞ்சம்மாள் உற்றுப் பார்த்தாள்.

"என்னங்க, நெளியறீங்க?"

"ஒண்ணுமில்ல."

"கழுத்தெல்லாம் செவந்திருக்கே?"

"நான் செவப்புதானடி!"

அதற்குமேல் தாங்கவில்லை. ஸ்வெட்டரை உருவி எறிந்தேன்.

"எரியுதுடி! ரத்தத்துல ஏறிடுச்சு! ஜல்தி ஓடு! உன் அண்ணன்கிட்ட மருந்து கேளு! அவரு சொன்னதுதான் சரி, போதுமா?"

அவள் ஓடவில்லை. உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"அதுல பாச்சை உருண்டை ஏதுங்க? மறுநாளே நீங்க ஆபீஸ் போனதும் எடுத்து ரெண்டு தடவை அலசி, நாலு நாள் மொட்டை மாடியில காயப்போட்டேன். இன்னைக்குக் காலைல நீங்க குளிக்கையிலதான் பெட்டியில மேலாக வெச்சேன்."

"அப்போ எனக்கு எரிஞ்சது?"

"அது தோல் வழியா உள்ள போனதில்லீங்க. உள்ள இருந்து தோலுக்கு வந்தது."

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் என் உடம்பு மேல் இவளுக்கு இவ்வளவு அக்கறையா என்று மனசு குளிர்ந்தது. எரிச்சல்கூட அடங்கிவிட்டது.

"ஏண்டி, மொட்டை மாடியில கொடியே கிடையாதே?"

"அண்ணன்தான் கட்டிக் குடுத்தாரு. திங்கக்கிழமை சாயங்காலம் உங்களுக்கு எரியும்னும் அப்பவே சொன்னாரு."

கழுத்தில் மறுபடியும் ஆரம்பித்தது.