எட்டு மணிக்கு ஒரு மறுப்பு

தாம் இறந்துவிட்ட விஷயம் செய்தி வாசிப்பாளருக்கு மாலை நாலரை மணிக்குத்தான் தெரிய வந்தது. முப்பது வருடமாக டிவியில் எட்டு மணிச் செய்தி வாசிப்பவர். ஊரில் 'எட்டு மணி' என்றால்தான் அவரைத் தெரியும். உலகத்தில் யார் போய்ச் சேர்ந்தாலும் முதலில் அவர் கைக்குத்தான் தாள் வரும். சொந்த விஷயத்தில் மட்டும் ஏமாற்றிவிட்டார்கள்.

மனைவி செல்போனை நீட்டினாள். கறுப்புக் கட்டம், நடுவில் அவர் படம், கீழே 'காலமானார்'.

"போட்டோவப் பாரு! பல்வலி அன்னிக்கு எடுத்தது."

"ஏங்க, உங்க அக்கா பார்த்துட்டாங்க. அழுதுக்கிட்டே பத்து மணி ரயிலுக்குக் கிளம்பறாங்க."

செத்தவருக்கு உயிரே போய்விட்டது. அம்மா இல்லாத வீட்டில் அவரை வளர்த்தவள் அக்கா. இதயத்துக்கு வைத்தியம் பார்த்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. எட்டு மணி நேரம் ரயிலில் அழுதுகொண்டே வந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

"உயிரோட இருக்கேன்னு நீ சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். 'அதிர்ச்சியில உனக்குப் புத்தி கலங்கிடுச்சு, தண்ணி குடிச்சிட்டுப் படு'ங்கறாங்க."

அவரே அழைத்தார்.

"அக்கா, நான்தான் பேசறேன்."

"அடப்பாவி! என் தம்பி குரல்லயே பேசறியே, நல்லாயிருப்பியா? போன வாரம் இப்படித்தான் ஒருத்தன் பேங்க் மேனேஜர் குரல்ல பேசினான்."

"அக்கா, சின்ன வயசுல உன் நோட்டுல மை கொட்டினேனே, ஞாபகம் இருக்கா?"

"இப்ப எல்லாமே இன்டர்நெட்ல கிடைக்குதாம்."

"வீடியோல வரேன், மூஞ்சியப் பாரு."

"மூஞ்சியவே மாத்திடறாங்களாம். வைடா போனை!"

போனில் வந்ததைப் போனிலேயே மறுத்தால் வேலை நடக்கும் என்று ஸ்டுடியோவுக்குப் பறந்தார். நாலாவது மாடியில் செல்போனுக்கென்றே செய்தி தயாரிக்கும் இளவட்டங்கள் உட்கார்ந்திருந்தார்கள். அந்த மாடியை அவர் இதுவரை மதித்ததில்லை. இன்று மூச்சு வாங்க ஏறினார்.

"ஒரு மறுப்புப் போடணும்மா."

"மறுப்புன்னு போட்டா ஒருத்தரும் பார்க்க மாட்டாங்க சார்," என்றாள் அங்கே தலைவிபோல் இருந்த பெண். "தலைப்ப எங்ககிட்ட விடுங்க."

விட்டார். பத்து நிமிடத்தில் அவர் பேசியது வெளியானது. தலைப்பு: 'இறந்த செய்தி வாசிப்பாளர் பேசுகிறார்! கடைசியில் நடந்ததைப் பாருங்கள்!'

ஒரு மணி நேரத்தில் மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள். அவர் செத்ததை அதுவரை அறியாதவர்களுக்கும் நல்லபடியாகத் தெரிந்துவிட்டது. 'எவ்வளவு தத்ரூபமாகச் செய்திருக்கிறார்கள்' என்று பாதிப் பேர் எழுதினார்கள். 'உயிரோடு இருந்தபோது இவ்வளவு நன்றாகப் பேசியதில்லை' என்று ஒருவர் எழுதியதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

மறுபடி அக்காவை அழைத்தார். அவளும் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு முன்னைவிடப் பலமாக அழுதுகொண்டிருந்தாள்.

"அக்கா, இன்னிக்கு எட்டு மணிக்கு டிவில வரேன். உன்கிட்டயே நேரா சொல்றேன். அப்பவாவது நம்புவியா?"

அழுகை நின்றது. "டிவில சொன்னா நம்பறேன். டிவில பொய் வராது. ஆனா நீ மட்டும் ஏமாத்துக்காரனா இருந்தே..."

"தினமும் பார்ப்பியே, அதே சேனல்தான்."

"எங்கே பார்க்கறேன்? பையன் போன் வாங்கிக் குடுத்து ஆறு மாசமாச்சு. டிவியத் தூசி தட்டணும்."

நீயுமா அக்கா என்று மனசு வலித்தது. ஆனாலும் முதுகெலும்பு நிமிர்ந்தது. என்னதான் போன் வந்தாலும் கடைசியில் எல்லாரும் எட்டு மணியிடம்தான் வந்தாக வேண்டும்.

மேக்கப் போடும் பெண்ணிடம், "இன்னிக்கு உயிர்க்களை கொஞ்சம் தூக்கலா இருக்கட்டும்மா," என்றார். அவள் சிரிக்காமல் இன்னொரு பூச்சு பூசினாள்.

எட்டு மணி. சிவப்பு விளக்கு எரிந்தது. தலைப்புச் செய்திகளை ஒதுக்கி வைத்துவிட்டுக் கேமராவை நேராகப் பார்த்தார்.

"வணக்கம். நான் உயிரோடு இருக்கிறேன். அக்கா, தயவுசெய்து ரயில் ஏறாதே. மாத்திரையைப் போட்டுக்கொண்டு தூங்கு. இதை நான் சொல்கிறேன் என்றால் இது உண்மை. முப்பது வருடமாக உங்களிடம் நான் பொய் சொன்னதில்லை."

கேமராமேன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். செய்தி ஆசிரியர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தம் பேச்சு இன்னும் ஆட்களை உருக்குகிறது என்பதில் அவருக்குப் பெரிய திருப்தி. மீதிச் செய்திகளைக் கம்பீரமாக வாசித்து முடித்தார்.

எட்டரைக்கு அக்கா அழைத்தாள்.

"ஏன்டா பாவி! அரை மணி நேரம் கண்ணு கொட்டாம பார்த்தேன். முட்டிவலித் தைலம்தான் விக்கறாங்க. என் தம்பி வரவே இல்ல. அவன் போயிட்டான்னு இப்பத்தான் எனக்கு முழுசா நம்பிக்கை வந்துச்சு. ஆட்டோ வந்தாச்சு, நான் ஸ்டேஷனுக்குக் கிளம்பறேன்."

"அக்கா! சேனல் நம்பர் சரியா வெச்சியா?"

"சரியாத்தான் வெச்சேன். ஓரத்துல உங்க சேனல் பொம்மை சுத்திக்கிட்டுத்தான் இருந்துச்சு." போன் துண்டிக்கப்பட்டது.

ஸ்டுடியோவே அதிர 'எட்டு மணி' கத்தினார். "கேபிள்காரனக் கூப்பிடுங்கய்யா! எங்க அக்கா வீட்டுல நம்ம செய்தி வரல! யாருக்காவது பொறுப்பு இருக்கா இங்க?"

ஆசிரியர் தம் செருப்பைப் பார்த்தார். கேமராமேன் ஆசிரியரின் செருப்பைப் பார்த்தார். மேக்கப் பெண்தான் பஞ்சோடு வந்து அவர் நெற்றியை மெதுவாகத் துடைத்தாள்.

"சார், எட்டு மணிச் செய்திய டிவில போடறத நிறுத்தி நாலு மாசமாச்சு. உங்ககிட்ட யாரு சொல்றதுன்னு இப்பத்தான் சீட்டு குலுக்கிப் போட்டாங்க. என் பேரு வந்துடுச்சு."