கம்பளி போர்த்திய ஃப்ரிட்ஜ்

இருபத்திரண்டு வருஷமாக ஊரார் ஃப்ரிட்ஜ்களுக்கெல்லாம் வைத்தியம் பார்ப்பவன் நான். என் வீட்டு ஃப்ரிட்ஜை மட்டும் நானே படுக்கையில் தள்ள வேண்டியதாயிற்று. காரணம், என் மச்சினன். ஒரு வாரம் தங்க வருகிறேன் என்று போன் செய்திருந்தான். போன தடவையும் ஒரு வாரம் என்றுதான் வந்தான். நாற்பத்தொரு நாள் என் கட்டிலில் உருண்டு, என் செருப்பைத் தேய்த்துவிட்டுப் போனான். நான் கூடத்தில் பாயோடு பாயாகக் கிடந்தேன். இந்த முறை வாசல்படி மிதிக்க விடுவதில்லை என்று சபதமே செய்தேன்.

ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் கறுப்புக் கம்பி வலைமேல் பழைய கம்பளி ஒன்றை இறுக்கிக் கட்டினேன். இரண்டே நாளில் பால் திரிந்தது. தக்காளி அழுதது.

"கேஸ் போயிடுச்சு. சரி பண்ணப் பத்து நாளாவது ஆகும். அதுவரைக்கும் விருந்தாளிக்குன்னு பால், காய்கறி எதையும் வாங்கி வைக்க முடியாது. உன் தம்பியை அப்புறமா வரச் சொல்லு" என்றேன், முகத்தை ஒன்றரை முழத்துக்குத் தொங்கப்போட்டு.

"ஐயோ பாவம். அந்தக் கேஸ் உள்ள என்னதாங்க பண்ணும்?" என்றாள் மனைவி.

கல்யாணமான நாளிலிருந்து என் தொழிலைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"கீழ கம்ப்ரசர் இருக்குல்ல, அது கேஸை நசுக்கும். நசுக்கினா சூடாகும். அந்தச் சூட்டோட பின்னால வலைக்குள்ள போகும்."

"போயி?"

"சூட்டை வெளிய விட்டுட்டுத் திரவமாயிடும். அப்புறம் ஈர்க்குச்சி கனத்துல ஒரு குழாய். அதைத் தாண்டினதும் அழுத்தம் குறைஞ்சு சில்லுனு ஆயிடும். பால், காய்கறியில இருக்கிற சூட்டையெல்லாம் உறிஞ்சிக் கொதிச்சு, மறுபடி கேஸாகிக் கம்ப்ரசருக்கே வந்துடும்."

"சில்லுனு இருக்கிறது எப்படிங்க கொதிக்கும்?"

"அதாண்டி அதோட குணம். நமக்குக் குளிர்ற சூடே அதுக்குக் கொதிக்கப் போதும்."

"பின்னால சூட்டை வெளிய விட முடியலன்னா?"

"அவ்வளவுதான். கேஸ் சரியாத் திரவமாகாது, உள்ள குளிராது. வலைமேல ஒரு கம்பளியைப் போத்தினாலே போதும்..."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அன்று அந்தத் தவளை நான்தான்.

அவள் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் கைவிட்டு முடிச்சை அவிழ்த்தாள்.

"ரெண்டு நாளா இதைத்தான் தேடறேன். நல்லா வெதுவெதுன்னு இருக்கு, தம்பி போத்திக்க ஆச்சு. ஏங்க, அவனுக்கும் வேலை எதுவும் சரியா அமையல. ஒரு வாரமெல்லாம் எதுக்கு? உங்ககிட்டயே தொழில் கத்துக்கட்டுமே. எவ்வளவு அழகாச் சொல்லித் தர்றீங்க."

இன்றோடு ஏழு மாதம். அவன் இன்னும் கம்ப்ரசரைத் தாண்டவில்லை.